விளங்காத கையும் வலிப்புச் சத்திரசிகிச்சையும்: எந்தச் சோதனையை நம்புவது?

வலிப்பும் இருக்கிறது, ஒரு பக்கக் கை காலும் சரியாக விளங்கவில்லை. இப்படி இருக்கும் பிள்ளைக்கு மூளையில் சத்திரசிகிச்சை செய்து பார்க்கலாம் என்று கண்டியிலோ கொழும்பிலோ டொக்டர் சொன்னால், ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே ஒரு கேள்வி தொடங்கிவிடும்: "இருக்கிற கொஞ்சநஞ்சக் கையும் போயிருமா?"

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடத்தான் சத்திரசிகிச்சைக்கு முன் பல சோதனைகள் செய்கிறார்கள். எஃப்.எம்.ஆர்.ஐ., டி.எம்.எஸ்., எம்.ஈ.ஜி. என்று எல்லாமே எழுத்துகளாக வந்து விழுவதால் வீட்டார் குழம்பிப்போகிறார்கள். கடைசியில் எது பெரிய மெஷினோ, எதற்கு அதிகம் காசோ, அதுதான் நல்ல சோதனை என்று முடிவு கட்டுகிறார்கள். இயன்மருத்துவம் (பிசியோதெரபி) பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்தச் சோதனை பொருந்தும் என்பதை அந்தக் கையின் கதைதான் தீர்மானிக்கும். எப்போது விளங்காமல் போனது, இப்போது அந்தக் கை என்ன செய்கிறது, டொக்டர்கள் மூளையில் எந்த அளவுக்கு வெட்டப்போகிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சத்திரசிகிச்சைப் பேச்சு எல்லோருக்கும் வருவதில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010இல் வரையறுத்தது. வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்த நிலைக்கு வருகிறார். அவர்களிலும் வலிப்பு மூளையின் ஒரு பக்கத்திலிருந்தே கிளம்புகிறவர்களுக்குத்தான் இந்த வழி. பக்கவாதமும் சேர்ந்திருந்தால் அந்தப் பக்க மூளை முன்பே பழுதாகியிருக்கும். வயிற்றில் இருக்கும்போதோ பிறக்கும்போதோ ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம், சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்திருக்கலாம், மூளையின் ஒரு பாதி பிறவியிலேயே ஒழுங்காக உருவாகாமல் இருந்திருக்கலாம். ராஸ்முசன் மூளை அழற்சி என்ற நோய் நன்றாக ஓடியாடிய பிள்ளையின் ஒரு பக்கத்தை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல முடக்கும்.

இவர்களில் பலருக்குப் பேசப்படும் சத்திரசிகிச்சை ஹெமிஸ்பெரோட்டமி. பழுதான பாதி மூளையை எடுத்துவிடுவதில்லை, மற்றப் பாதியோடும் கீழே உடம்புக்கு இறங்கும் பாதைகளோடும் அதற்கு இருக்கும் தொடர்பை அறுத்துவிடுவார்கள். அந்தப் பாதியிலிருந்து உடம்புக்குப் போகும் கட்டளையும் அதோடு நிற்கும். அப்படியென்றால் விளங்காத கை இன்று காட்டும் கொஞ்ச அசைவுக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது?

சாதாரணமாக இடது மூளை வலது கையை ஆட்டும், வலது மூளை இடது கையை. ஆனால் பிறந்த குழந்தையின் ஒவ்வொரு கைக்கும் மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் நரம்புப் பாதை இருக்கிறது. முதல் இரண்டு வருடங்களில் எதிர்ப்பக்கத்துப் பாதை வலுப்பட, அதே பக்கத்துப் பாதை படிப்படியாக ஒதுங்கிவிடும். எதிர்ப்பக்கம் அதற்கு முன்பே சேதமாகியிருந்தால் ஒதுங்கவேண்டிய பாதை ஒதுங்காமல் தங்கிவிடும். மண்சரிவில் பெரிய ரோடு மூடிக்கிடக்கும்போது தேயிலைக்குள்ளே போகும் பழைய குறுக்குப்பாதையில் ஊர் நடமாடுவது மாதிரி. அப்படி மாறிக்கொண்ட பிள்ளைக்குப் பழுதான பாதியை அறுத்துவிட்டாலும் கையின் பிடி பெரும்பாலும் அப்படியே இருக்கும். மாறாமல், பழுதான பாதியே இன்னும் கையை ஓட்டிக்கொண்டிருந்தால் பிடி போய்விடலாம். கீழே வரும் சோதனைகள் எல்லாம் சுற்றி வளைத்து இந்த ஒன்றைத்தான் கேட்கின்றன.

மெஷின் இல்லாத சோதனை

முதல் சோதனை மேசையில் உட்காரவைத்துக் கையைப் பார்ப்பது. இதை அவசரமாக முடித்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்புவதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

நல்ல கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பெருவிரலில் தொடச் சொல்ல வேண்டும். அப்போது விளங்காத கையின் விரல்களும் தாமாகவே அதே அசைவைச் செய்தால் அது கண்ணாடி அசைவு. ஒரே பாதி மூளை இரண்டு கையையும் ஓட்டுகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. செலவு எதுவும் இல்லை. வீட்டில் அம்மாமார் இதை முன்பே கவனித்திருப்பார்கள். "ஒரு கையால எழுதுறப்ப மத்த கையும் ஆடுது டொக்டர்" என்று சொன்னால் அதை யாரும் எழுதிக்கொள்வதில்லை, அதுதான் வருத்தம்.

அடுத்தது, விரல் தனித்தனியாக அசைகிறதா, மொத்தமாக மடங்கி மடங்கி விரிகிறதா என்று பார்ப்பது. குறுக்குப்பாதையில் ஓடும் கை சாமான்களைப் பிடிக்கும், விடும், ரொட்டி மாவுச் சட்டியை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பொத்தான் போடுகிற மாதிரியான நுண்ணிய விரல் வேலை அதற்குப் பெரும்பாலும் வராது. விளங்காத கை என்று சொல்லப்படும் கை ஒவ்வொரு விரலையும் தனியாக அசைத்துக் காட்டினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பழுதான பாதி இன்னும் வேலை செய்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சோதிக்கும் நேரமும் முக்கியம். வலிப்பு வந்து போனபின் சில நிமிடங்களோ சில மணித்தியாலங்களோ, சிலவேளை ஒரு நாளுக்கு மேலுமோ, கை கூடுதலாகத் தளர்ந்து கிடக்கும். டொட் என்ற லண்டன் வைத்தியர் 1849இல் விவரித்ததால் இதை டொட் வாதம் என்கிறார்கள். விடியற்காலையில் வலிப்பு வந்த பிள்ளையைப் பத்து மணிக்குக் கிளினிக்கில் சோதித்து "கை சுத்தமாக விளங்கவில்லை" என்று எழுதிவிட்டால் பிறகு வரும் எல்லாக் கணக்கும் பிழைக்கும்.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது சாதாரண எம்.ஆர்.ஐ. இது எப்படியும் எடுத்திருப்பார்கள். மேலே இருக்கும் பழுதை மட்டும் பார்க்காமல் கீழே மூளைத்தண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கே முன்புறம் இரண்டு பக்கமும் தூண் மாதிரி நரம்புக் கட்டுகள் இறங்கும். பழுதான பக்கத்துத் தூண் நன்றாகச் சுருங்கியிருந்தால் அந்தப் பாதியிலிருந்து இறங்கும் இயக்கப் பாதை ஏற்கெனவே அழிந்துபோயிருக்கிறது, இழக்க அங்கே அதிகம் இல்லை. இரண்டு தூணும் ஒரே அளவில் இருந்தால் பிடி போகும் ஆபத்து கூடுதல். கையைக் கவனமாகப் பார்த்ததும் இந்தத் தூண்களும் ஒரே பதிலைச் சொன்னால், பிறவிப் பக்கவாதம் உள்ள பலருக்கு மேற்கொண்டு பெரிதாக ஒன்றும் தேவைப்படாமலே போகலாம்.

எஃப்.எம்.ஆர்.ஐ.யா, டி.எம்.எஸ்.ஸா?

கையைப் பார்த்ததும் மூளைத்தண்டுப் படமும் ஒத்துப்போகாதபோதுதான் மெஷின்களின் போட்டி தொடங்குகிறது.

எஃப்.எம்.ஆர்.ஐ. வழக்கமான எம்.ஆர்.ஐ. மெஷினிலேயே எடுப்பதுதான். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஒட்சிசன் நிறைந்த ரத்தம் கூடும். அதைப் படத்தில் பிடிக்கலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990இல் காட்டினார். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. மெஷினுக்குள் படுத்துக்கொண்டு அரை நிமிடம் போலக் கையை மூடித் திறக்க வேண்டும், அதே அளவு நேரம் சும்மா இருக்க வேண்டும், இப்படி மாறி மாறிச் செய்ய வேண்டும்.

சிக்கலும் அங்கேதான். கை விளங்காதவரிடம் கையை ஆட்டச் சொல்கிறோம். கையை அசைக்க முக்கும்போது தோளும் தலையும் சேர்ந்து ஆடும், படம் கெட்டுப்போகும். கண்ணாடி அசைவு உள்ளவருக்கு இரண்டு கையும் ஆடுவதால் மூளையின் இரண்டு பாதியும் ஒளிரும், எது எந்தக் கைக்கு என்று பிரிக்க முடியாது. மெஷினுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று மற்றக் கையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளாவிட்டால் அந்தப் படத்துக்கு மதிப்பே இல்லை.

சரி, அவரால் முடியாவிட்டால் நாம் கையைப் பிடித்து ஆட்டிவிடுவோம் என்று சில இடங்களில் செய்கிறார்கள். பெரிய பிழை இங்கேதான் நடக்கும். பிறர் ஆட்டிவிடும் கையிலிருந்து மூளைக்குப் போவது உணர்வுச் செய்தி. சின்ன வயதிலேயே பழுதான மூளையில் இயக்கம் நல்ல பாதிக்கு மாறியிருக்கலாம், ஆனால் தொடு உணர்வு பழைய பாதியிலேயே தங்கியிருக்கலாம். உணர்வு நரம்புகள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பழுதைச் சுற்றி வளைந்துபோய்த் தம் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடியவை. இப்படிப் பிரிந்திருக்கும் ஒருவரின் கையை ஆட்டிவிட்டால் பழுதான பாதி ஒளிரும். அவர் தானே ஆட்டினால்கூட, திரும்பி வரும் உணர்வால் அது ஒளிரும். படத்தைப் பார்ப்பவர் "இந்தப் பாதிதான் கையை ஓட்டுகிறது, தொடக்கூடாது" என்று எழுதுவார். செய்திருக்கவேண்டிய சத்திரசிகிச்சை நின்றுபோகும், பிள்ளை வருடக்கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும்.

டி.எம்.எஸ். இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. தலையின் மேல் ஒரு கம்பிச் சுருளைப் பிடித்து, காந்தத் துடிப்பால் கீழே இருக்கும் மூளையைத் தூண்டுவார்கள். கைத் தசையில் ஒட்டிய மின்முனை அந்தத் துடிப்புக்கு விடை வருகிறதா என்று பதியும். ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரின் குழு 1985இல் இதைச் செய்துகாட்டியது. நல்ல பாதியைத் தூண்டும்போது அதே பக்கத்து விளங்காத கையும் உடனே துடித்தால் குறுக்குப்பாதை இருப்பது உறுதி. பழுதான பாதியைத் தூண்டி ஒன்றும் வராவிட்டால் படம் இன்னும் தெளிவாகும். நோயாளி ஒன்றும் செய்யத் தேவையில்லை. கையை ஆட்ட முடியாதவருக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை எனக்குத் தெரியவில்லை. தூண்டும் இடத்தை எம்.ஆர்.ஐ. படத்தோடு பொருத்திக் காட்டும் வகையும் இருக்கிறது, அது கிடைத்தால் இன்னும் நல்லது.

இதற்கும் குறைகள் உண்டு. சின்னப் பிள்ளைகளின் மூளை துடிப்புக்கு இலகுவில் பதில் சொல்லாது. கார்பமசெபைன், ஃபெனிட்டோயின் மாதிரியான வலிப்பு மருந்துகள் தூண்டத் தேவையான அளவை இன்னும் உயர்த்தும். அதனால் விடை வரவில்லை என்பதை மட்டும் வைத்துப் பாதை இல்லை என்று தீர்மானிக்கக்கூடாது. தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் சத்திரசிகிச்சையால் பொருத்திய கேட்கும் கருவி, வலிப்பைக் குறைக்கப் பொருத்தும் வேகஸ் நரம்புத் தூண்டி இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சோதனையின்போதே வலிப்பு வரும் வாய்ப்பு குறைவு, ஆனால் பூச்சியம் இல்லை. அதனால் வலிப்பைக் கையாளத் தெரிந்த ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: கை விளங்காதவருக்கு, கிடைக்குமென்றால், டி.எம்.எஸ். முதலில். எஃப்.எம்.ஆர்.ஐ. இரண்டாவது, ஆனால் வேண்டாததும் அல்ல. இயக்கம் நல்ல பாதியிலும் உணர்வு பழுதான பாதியிலும் இருக்கிறது என்று இரண்டும் சேர்ந்து காட்டினால், சத்திரசிகிச்சைக்குப் பின் கை அசையும், ஆனால் தொட்டது தெரியாமல் போகும். கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் கோப்பையைப் பிடிக்க வேண்டிவரும். அதை முன்பே தெரிந்துகொள்வது பிள்ளைக்கும் நல்லது, பயிற்சி கொடுக்கும் எங்களுக்கும் நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்.ஈ.ஜி. மூளையின் மிகச் சிறிய காந்தப் புலத்தை அளக்கும். வெளிக் காந்தம் நுழையாத அறை தேவை என்பதால் இந்தப் பிராந்தியத்தில் அரிது, பெங்களூர் நிம்ஹான்ஸில் இருக்கிறது. வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பதையும் அதே அமர்வில் பார்க்கலாம் என்பது அதன் பெரிய பலம், கைக்காக மட்டும் அதைத் தேடிப் போக வேண்டாம். நரம்புப் பாதைகளை வண்ண நூலாகக் காட்டும் டிஃப்யூஷன் படம் பார்க்க அழகு. பாதை எங்கே ஓடுகிறது என்று அது காட்டும், அது வேலை செய்கிறதா என்று காட்டாது. வாடா சோதனையில் தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடங்கள் மயக்கிப் பார்ப்பார்கள். முக்கியமாகப் பேச்சு எந்தப் பக்கம் என்று பார்க்க வந்தது. பழுதான பாதியை மயக்கியும் கையின் பிடி குறையவில்லையா என்று பார்க்கவும் உதவும். ரத்தக்குழாய்க்குள் போவதால் பக்கவாத ஆபத்து சிறிதளவு உண்டு, மற்றவை பதில் தராவிட்டால் மட்டும் யோசிக்கலாம்.

மூளையையே தொட்டுப் பார்ப்பது

மேலே சொன்னதெல்லாம் பாதி மூளையை மொத்தமாகத் துண்டிக்கும் பேச்சுக்கு. கை ஓரளவு விளங்குகிறது, வலிப்பு கிளம்பும் இடம் கையை ஓட்டும் பகுதிக்குப் பக்கத்திலேயே சின்னதாக இருக்கிறது, அதை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் கதை மாறும். அங்கே கேள்வி எந்தப் பாதி என்பதல்ல, எந்த மில்லிமீட்டர் என்பது. அதற்குக் கடைசி வார்த்தை நேரடி மின் தூண்டல்தான். மொன்றியலில் பென்ஃபீல்ட் மயக்கம் கொடுக்காத நோயாளிகளின் மூளையைத் தொட்டுத் தொட்டுக் கை, முகம், கால் ஓடும் இடங்களைப் படமாக்கி 1937இல் வெளியிட்டார். இன்றும் அடிப்படை அதுதான்.

பிள்ளைகளை விழித்திருக்கவைத்துச் செய்வது கடினம். மயக்கத்திலேயே தசை மின்பதிவு மூலம் செய்யலாம், ஆனால் தசையைத் தளர்த்தும் மருந்தை அந்த நேரத்தில் கொடுக்கக்கூடாது. ஏற்கெனவே பலவீனமான கையில் அசைவு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால் பதிவு கட்டாயம். மின்முனைகளைச் சில நாட்கள் மூளையில் வைத்திருந்து வாட்டிலேயே தூண்டிப் பார்க்கும் முறையும் இருக்கிறது. அதில் கிருமித்தொற்று, ரத்தக்கசிவு என்ற ஆபத்துகள் சேரும். தூண்டலே வலிப்பைக் கிளப்பினால் குளிர்ந்த உப்புநீரை மூளை மேல் ஊற்றி அடக்குவார்கள். கேட்கப் பயமாக இருந்தாலும் அது வழக்கமான முறைதான்.

இயக்கப் பகுதிக்கு முன்னால் துணை இயக்கப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அங்கே வெட்டினால் மறுநாள் கை கால் சுத்தமாக விழுந்துவிட்ட மாதிரி இருக்கும், பேச்சும் குறையலாம். பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்கு மாதங்களில், திரும்பி வரும். இதை முன்பே சொல்லிவைக்காவிட்டால் குடும்பம் வாட்டில் அழுது தீர்த்துவிடும்.

யாருக்கு எது

கைக்குழந்தையாக இருந்தபோதே கை விளங்காமல் போன பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி அசைவு இருக்கிறது, மூளைத்தண்டின் ஒரு தூண் சுருங்கியிருக்கிறது. இவருக்கு ஹெமிஸ்பெரோட்டமி என்றால், டி.எம்.எஸ். கிடைத்தால் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளலாம், கிடைக்காவிட்டால் அதற்காக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

எட்டு வயதுவரை நன்றாக ஓடியாடிப் பிறகு ராஸ்முசனால் கை விழுந்துகொண்டிருக்கும் பிள்ளைக்குக் கணக்கு வேறு. பாதை மாறுவதற்கான வயது கடந்துவிட்டது. எந்தச் சோதனை செய்தாலும் விரல் அசைவு போகும் என்றுதான் பெரும்பாலும் வரும். நோயும் அதை எப்படியும் எடுத்துக்கொள்ளும். அங்கே தீர்மானிக்க வேண்டியது இப்போதா, பிறகா என்பதை. சோதனைமேல் சோதனையாகப் போவது அந்தப் பிள்ளைக்கு நல்லதல்ல. மூன்றாவது வகை, கை ஓரளவு விளங்கும் இளைஞர், சின்ன இடத்துச் சத்திரசிகிச்சை. இவருக்கு எஃப்.எம்.ஆர்.ஐ.யும் டி.எம்.எஸ்.ஸும் வழிகாட்டிகள், நேரடித் தூண்டல் தவிர்க்கமுடியாதது.

மலையிலிருந்து போகிறவர்களுக்கு

டிக்கோயா கிளங்கனிலோ நுவரெலியாவிலோ பதுளையிலோ தொடங்கினாலும் இந்தப் பாதை பிள்ளைகளுக்குப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கும், பெரியவர்களுக்குக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கும், பிறகு கொழும்பு தேசிய வைத்தியசாலையின் வலிப்பு மையத்துக்கும் போகும். இந்தியாவுக்குப் போக வசதி உள்ளவர்கள் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிலையத்தை விசாரிப்பதுண்டு. வலிப்புச் சத்திரசிகிச்சையில் பழுத்த இடம்தான். ஆனால் கடல் கடக்கும் முன், இங்கே எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூளைத்தண்டைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு பயணமும் தோட்டத்தில் அம்மாவுக்குப் பேர் போகிற, அதாவது அன்றைய சம்பளம் இல்லாமல் போகிற நாள்தானே.

எஃப்.எம்.ஆர்.ஐ.க்குத் திகதி கிடைத்தால் முன்கூட்டியே வீட்டில் பழக்குங்கள். மெஷினுக்குள் சத்தத்தில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும் கட்டளை புரியாமல் பிள்ளை முழித்துக்கொண்டு கிடந்தால் அந்தப் படம் வீண். என்னென்ன சொல்வார்கள் என்று கேட்டுவந்து, லயத்துக் கட்டிலில் தலையை ஆட்டாமல் படுக்கவைத்து, "மூடு, திற, நிப்பாட்டு" என்று பயிற்சி கொடுக்கலாம். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் மைக்கில் பேச முடியுமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். மலையில் வாழ்கிறவருக்குக் கால்தான் அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். ஹெமிஸ்பெரோட்டமிக்கு முன் நடந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறகும் நடக்கிறார்கள். ஆனால் முன்பாதம் தொங்கலாம், கணுக்கால் தாங்கி தேவைப்படலாம், பார்வையில் விளங்காத பக்கத்துப் பாதி போய்விடும். சமதரையில் இது சமாளிக்கக்கூடியது. செங்குத்துப் படிகளும், மழையில் வழுக்கும் ஒற்றையடிப் பாதையும், கான் விளிம்பும் உள்ள தோட்டத்தில் இதை வேறு மாதிரி எடைபோட வேண்டும். பார்வை முன்பே அந்தப் பக்கம் இல்லையா என்று கண் டொக்டரிடம் சோதித்துக்கொண்டால் புதிதாக இழக்கப்போவது எவ்வளவு என்று தெரியும். படி ஏறி இறங்குவதை டொக்டரிடம் காட்ட ஒரு வீடியோ போதும்.

சோதனை நாளில் பழைய எம்.ஆர்.ஐ. சீடி, கிளினிக் கொப்பி, கடைசி வலிப்பு வந்த நாளும் நேரமும், இப்போது குடிக்கும் மருந்தின் பெயரும் அளவும், கை ஆடும் வீடியோ எல்லாம் கையில் இருக்கட்டும். முந்தின இரவு வலிப்பு வந்திருந்தால் உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள், கை மீளும்வரை சோதனையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். சம்மதப் பத்திரம் நீட்டப்படும்போது ஒன்றை மட்டும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்: இந்தக் கை எந்தப் பாதியிலிருந்து ஓடுகிறது, அதை எந்தச் சோதனையில் பார்த்தீர்கள். இரண்டு சோதனை இரண்டு விதமாகச் சொல்லியிருந்தால், அதை எப்படித் தீர்த்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.